பூட்டிய வீடுகள் இருபத்துமூன்று

தாராவி
6 ஜனவரி 2025

பிரியமுள்ள கிளாராவுக்கு,

உன் தோழி சண்முகவடிவு எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், மகள் மாரிசெல்வி மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். செம்பூரில் நீயும் தனசீலன் அண்ணனும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதை நான் கேட்க வேண்டியதில்லை.

கையில் போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். நீ நாலு தடவை அடித்தும் நான் எடுக்கவில்லை. எடுத்தால் உன் குரலில் இருக்கிற சந்தோஷம் கேட்கும். அதை இப்போதைக்கு என்னால் தாங்க முடியாது. நாம் இரண்டு பேரும் கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்தது எதற்காவது உதவட்டும். மதியம் ஒரு மணிக்கு தாஹிர் பாய் ரத்தமும் சிறுநீரும் இருக்கிற ஐஸ் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு உன் ஆபீஸுக்கு வருகிறார் அல்லவா, அந்தப் பெட்டியோடு வரும் ஃபைலுக்குள் இதைச் செருகிவிட்டேன்.

வாழ்த்துச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். வாழ்த்துகள். டிரஸ்டின் வரைபடப் பொறுப்பாளர் ஆகிவிட்டாய். நாம் ஒரே நாளில், மாட்டுங்கா ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அந்த வேலைக்கு மனுக் கொடுத்தோம். மாலதி மேடம் என்னிடம் லேப்டாப் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, ஆனால் எங்கள் கல்லிச் சந்தில் எந்த வீட்டில் யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று தெரியும் என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்கு ஒரு டீ கொடுக்கச் சொன்னார். அந்த டீ வரும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

டிரஸ்ட் காலண்டரில் உன் போட்டோவும் பார்த்தேன். பின்னால் திரையில் தாராவி, முன்னால் நீ மயில் கழுத்து நிறப் புடவையில் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாய். சிறுநீரக நோயை வீடு வீடாகக் கண்டறியும் வரைபடம் என்று கீழே போட்டிருக்கிறார்கள். வீடு வீடாக நடந்தது யார் என்று போடவில்லை. முதல் நாள் நீ வாசலில் நின்று "கிட்னி" என்றதும் ஒரு அம்மா கதவைச் சாத்தினாளே, ஞாபகம் இருக்கிறதா? கிட்னி என்று ஆரம்பிக்காதே, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று ஆரம்பி என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான். அது காலண்டரில் இல்லை.

எனக்குப் பொறாமைதான். மறைக்க என்ன இருக்கிறது. வயிறு எரிகிறது என்று எழுதினால் அதற்கும் ஒரு படிவம் அனுப்புவாய்.

எரிச்சலோடும் அன்போடும்,
வடிவு


செம்பூர்
9 ஜனவரி 2025

என் வடிவுக்கு,

கர்த்தர் தயவில் நாங்கள் சுகம். உன் கடிதத்தை தாஹிர் பாய் என் மேஜைமேல் வைத்துவிட்டு, இது காதல் கடிதமா என்று இந்தியில் கேட்டார். இல்லை பாய், சண்டை என்றேன். அப்படியென்றால் தினமும் கொண்டுவருகிறேன் என்றார்.

அந்தப் புடவை உன்னுடையது என்பதை மறந்துவிட்டாயா? போன வருஷம் நீதான் கொடுத்தாய். திட்டுவதற்கு முன் அதையாவது பார்த்திருக்கலாம்.

நாற்காலி ஒன்றும் நீ நினைக்கிற மாதிரி இல்லை வடிவு. நாள் முழுக்கப் புள்ளி வைக்கிறேன். நீ அனுப்பும் ஒவ்வொரு படிவமும் ஒரு வீடு. சிறுநீரும் ரத்தமும் சரியாக இருந்தால் வெள்ளைப் புள்ளி, கிட்னி கெட்டிருந்தால் சிவப்பு. மூன்று முறை போயும் பூட்டியிருந்த வீட்டுக்குப் புள்ளியே கிடையாது. அவ்வளவுதான் வேலை.

ஆனால் ஒரு முக்கியமான விஷயம். ஏப்ரலில் டிரஸ்ட் ஒரு கிட்னி கிளினிக் திறக்கிறது. தினமும் நர்ஸ், வாரம் ஒரு தரம் டாக்டர், பரிசோதனையும் மருந்தும் அங்கேயே. மும்பை முழுக்கத் திறக்க ஆசைதான், பணம் இருப்பது ஒன்றுக்குத்தான். எங்கே சிவப்பு அதிகமோ அங்கே. பிப்ரவரி பதினைந்தாம் தேதி வரைபடத்தை மூடிவிடுவார்கள். கடைசியில் இரண்டு இடம்தான் நிற்கிறது, ஒன்று நம் கல்லி, இன்னொன்று இங்கே ரயில் பாதையோரக் குடியிருப்பு. இங்கே நூற்றைம்பது வீட்டில் பத்தொன்பது சிவப்பு. நம் கல்லியில் நூற்றுநாற்பது வீட்டில் நாலே நாலு. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது, நாம் பிறந்து வளர்ந்த இடம் அவ்வளவு ஆரோக்கியமாக இருப்பது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் வரட்டுமா? மீன் வாங்கி வருகிறேன்.

உன்,
கிளாரா


தாராவி
20 ஜனவரி 2025

கிளாராவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். மாரிசெல்வியை விட்டு இல்லை என்று சொல்லச் சொன்னேன். மீன் நன்றாக இருந்தது.

நாலே நாலா? உனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருக்காதா பின்னே. கிளினிக் செம்பூருக்குப் போகும். நீ லிப்டில் இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும். நாற்காலி உனக்கு, போட்டோ உனக்கு, இப்போது கிளினிக்கும் உனக்கு. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், நான் வரைந்த இந்தியா மேப்பை டீச்சர் உன் கையில் கொடுத்துச் சுவரில் மாட்டச் சொன்னார்.

நாலு பேருக்குத்தான் நோய் என்றால் இந்தக் கல்லியைப் பற்றி உனக்கு என்ன தெரியும். ஏழாம் குழாயில் மட்டுமே எனக்குத் தெரிந்து... சரி, விடு.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். இங்கே பத்து வீட்டுக்கு ஒரு பொதுக் குழாய், நூற்றுநாற்பது வீட்டுக்கு ஒரு சண்டாஸ், அந்தப் பொதுக் கழிப்பறைதான். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆண்கள் அலுமினிய உலையில் நின்று வேர்த்துக் கொட்டி, முதுகு வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி மிட்டாய் மாதிரி போடுகிறார்கள். நானும் போடுகிறேன், முட்டி வலிக்கு. காலையிலிருந்து மதியம் வரை நாற்பது ஏணி ஏறி இறங்குகிறேன், ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எந்த வீட்டில் போய் நிற்பது? போன மாதம் செருப்பு இறுக்க ஆரம்பித்து ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். உனக்கு ஆபீஸில் வெள்ளை டைல்ஸ் போட்ட கழிப்பறை இருக்கிறது என்று தாஹிர் பாய் சொன்னார். பூட்டும் போடலாமாம் உள்ளே.

உன் தண்ணீர் பாட்டில் அந்தப் போட்டோவிலேயே தெரிகிறது, மேஜையின் ஓரத்தில். நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

வடிவு


செம்பூர்
24 ஜனவரி 2025

அன்பு வடிவுக்கு,

நீ உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். உன் செருப்பு வாசலில் கிடந்தது. பெரிய அளவாக இருந்ததால் வேறு யாருடையதோ என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஏழாம் குழாயில் மட்டுமே என்று எழுதிவிட்டு நிறுத்தினாய். அந்த ஒரு வரி என்னை விடவில்லை. நம் கல்லிப் படிவம் அத்தனையும் அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். இருபத்துமூன்று படிவத்தில் வீடு பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றிலும் மூன்று தேதி, எல்லாம் பகல் பதினொரு மணி.

வடிவு, நான் அந்தக் கல்லியில் இருபத்துநாலு வருஷம் இருந்தேன். பகல் பதினொரு மணிக்கு அங்கே எந்த வீடு பூட்டியிருக்கும்? பாதிப் பேர் வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் அப்பளம் உலர்த்திக்கொண்டிருப்பார்கள். சாவுக்குப் போனால்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவோம். மாலதி மேடத்துக்கு இது தெரியாது. அவர் மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் மூன்று பூட்டுப் போட்டு வாழ்கிறவர். அவருக்குப் பூட்டிய வீடு என்றால் பூட்டிய வீடு. எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். உன் கையெழுத்து எப்போதும் கோழி கிளறின மாதிரி இருக்கும். பள்ளியில் நீ என் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதின நாளில் மட்டும் அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். இந்த இருபத்துமூன்று படிவமும் அச்சுக் கோத்த மாதிரி இருக்கிறது.

உன்னை அதட்டுவதற்கு எழுதவில்லை. நீ மட்டும்தான் பொறாமைப்படுகிறாய் என்று நினைக்காதே. நான் கூட வந்த நாளில்கூடக் கதவைத் திறந்தவர்கள் என்னைப் பார்க்காமல் "வடிவு மதினி எங்க?" என்றுதான் கேட்டார்கள். என் சொந்தச் சித்தி எனக்குச் சிறுநீர் கொடுக்க மாட்டேன் என்றாள், உன்னிடம் கொடுத்தாள். சிரிக்காதே, அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன். எனக்கு இருப்பது புள்ளி, உனக்கு இருப்பது ஆட்கள்.

என்ன செய்தாய் என்று எனக்கு மட்டும் சொல்.

கிளாரா


தாராவி
29 ஜனவரி 2025

கிளாராவுக்கு,

சொல்கிறேன். நீ கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நவம்பரில் அடுத்த கல்லியில் திரை கட்டி வரைபடம் போட்டுக் காட்டினீர்களே. பெயர் இல்லை, வெறும் புள்ளிதான் என்று மேடம் சொன்னார். பேக்கரிக்கு எதிர்வீட்டில் சிவப்புப் புள்ளி இருந்தால் அது யார் வீடு என்று இங்கே தெரியாதா? மறுநாளே அந்த அம்மாளின் கையால் டீ வாங்கிக் குடிக்க ஆள் இல்லை. கிட்னி நோய் ஒட்டாது என்று நான் தொண்டை வற்றச் சொன்னேன். சரி சரி என்று கேட்டுக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் நம் கல்லிக்கு வந்தேன். முதலில் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்போம் இல்லையா, நிறம் மாறினால் அன்றே நம் நர்ஸ் சாதியா வந்து ரத்தம் எடுப்பாள். நிறம் மாறின முதல் வீட்டிலேயே அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, முலுண்டுல இருந்து பிள்ளையப் பாத்துட்டுப் போயிருக்காவ. இந்த நேரத்துல என் வீட்டு மேல சிவப்பு வச்சிராதீய." நான் பட்டையைக் குப்பையில் போட்டுவிட்டுப் பூட்டு என்று எழுதினேன். அதற்கு அடுத்த குழாயில் உலை வேலைக்குப் போகிறவன், முப்பத்திரண்டு வயது. சேட்டுக்குத் தெரிந்தால் நாளைக்கே வேறு ஆளை நிறுத்திவிடுவான் என்றான். அதுவும் பூட்டு. அப்புறம் விஷயம் கல்லி முழுக்கப் பரவிவிட்டது, வடிவிடம் சொன்னால் பூட்டு என்று எழுதிவிடுவாள் என்று. நல்ல வீடெல்லாம் உன் வரைபடத்துக்கு வந்தது. கெட்ட வீடெல்லாம் பூட்டிக்கொண்டது. கல்லி வெள்ளையானது இப்படித்தான்.

இதுவரைக்கும் எழுதியதைப் படித்தால் நான் இரக்கத்தில் செய்தேன் என்று நினைப்பாய். பாதிதான் இரக்கம். ஏழெட்டு வீட்டுக்கு மேல் அவர்கள் கேட்காமலே எழுதினேன். உனக்கு நாற்காலி கிடைத்த சேதி வந்த வாரம் அது. என் ஜனங்களை ஒவ்வொருவராகப் பொறுக்கிக் கொண்டுபோய் உன் திரையில் நான் ஏன் வைக்க வேண்டும், நீ விரலை நீட்டிக்கொண்டு நிற்பதற்கா என்று தோன்றியது. யாருக்கு நோய் என்று எனக்கு மட்டும் தெரியும், கிளாராவுக்குத் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு நன்றாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் நன்றாக இருந்தது.

அது இப்போது எங்களுக்குக் கிளினிக் இல்லாமல் செய்யும் என்று அப்போது தெரியாது. உலைக்காரப் பையன் போன வாரத்திலிருந்து மூச்சு வாங்குகிறான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீங்கள்தான் காப்பாற்றினீர்கள் என்கிறாள். எனக்கு அந்தப் பக்கம் நடக்கவே பயமாக இருக்கிறது.

பட்டையைப் போட்டேனே தவிர, என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வீடு. மறுபடி போய்க் கேட்டால் திறப்பார்களா தெரியாது. வீட்டைக் காட்டாமல் நோயைக் காட்ட உன் லேப்டாப்பில் வழி இருக்கிறதா? எனக்குத் தோன்றுவது ஒன்று. இங்கே ஒருத்தியை ஏழாம் குழாய்க்காரி, ஒன்பதாம் குழாய்க்காரி என்றுதான் சொல்வோம். வீட்டுக்குப் புள்ளி வைக்காதே. குழாய்க்கு நிறம் கொடு. பத்து வீட்டில் எத்தனை என்பது தெரியட்டும், எது என்று தெரிய வேண்டாம்.

வடிவு


செம்பூர்
1 பிப்ரவரி 2025

வடிவுக்கு,

உன் குழாய் யோசனையை மாலதி மேடத்திடம் சொன்னேன். ஒரு தாளில் குழாய்களை வரைந்து பார்த்தார். பிறகு, நமக்கு இது ஏன் தோன்றவில்லை கிளாரா என்றார். இது சண்முகவடிவு சொன்னது என்றேன். இரண்டு தடவை சொன்னேன், சத்தமாக. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குள்ளே சுருக்கென்றது. நான் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தும் எனக்கு வராதது உனக்கு ஒரு கடிதத்தின் கடைசி வரியில் வந்துவிட்டது.

இனி வீடு கிடையாது, குழாய்தான். பழைய புள்ளிகளையும் எடுத்துவிடுகிறோம். நீ போய்ச் சொல், திறப்பார்கள். சாதியாவை நாலு நாளைக்கு உன்னிடம் அனுப்புகிறேன். இங்கே என் பத்தொன்பது பேரிடமும் போய், கிளினிக் தாராவிக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்கு வருத்தம். பஸ்ஸில் வந்துபோகிற தூரம்தான் என்று சமாதானம் சொன்னேன். எனக்கே அது பெரிய சமாதானமாகத் தெரியவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தடவை பூட்டு என்று எழுதி முடித்த வீட்டைத் திரும்பத் திறக்க வேண்டுமென்றால், முதல் படிவம் ஏன் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய்ப் படிவம் எழுதினவர்களுக்கு டிரஸ்டில் ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டார்கள். உன் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதனால் நான் ஒன்று யோசித்தேன். நான் ஏற்றும்போது தவறுதலாகப் பூட்டு என்று பதிந்துவிட்டேன் என்று எழுதிவிடுகிறேன். எனக்கு ஒரு மெமோ கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் நோட்டில் இருபத்திரண்டு வீடு என்றாய். என் கையில் இருபத்துமூன்று படிவம் இருக்கிறது. குழாய் குழாயாக எண்ணினேன், மூன்று தடவை. நீ கணக்கில் விடாத ஆள். மீதி ஒன்று ஏழாம் குழாய், பத்தாவது வீடு.

அந்த வீட்டில்தான் என் கல்யாணத்துக்கு முந்தின நாள் உட்கார்ந்து மருதாணி வைத்துக்கொண்டேன். உன் கையால்.

வடிவு, உன் கால் எவ்வளவு நாளாக வீங்கியிருக்கிறது?

கிளாரா


தாராவி
4 பிப்ரவரி 2025

ஏட்டி கிளாரா,

நாற்காலியை எடுத்துக்கொண்டாய், சரி. போட்டோவை எடுத்துக்கொண்டாய், சரி. இப்போது என் பொய்யையும் உன் பெயரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறாயா? அது என்னுடையது. அதையாவது எனக்கு விட்டுவை. கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்திருக்கிறேன், கோழி கிளறின கையெழுத்துத்தான், பார்த்துக்கொள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பட்டை மீந்துபோனது. வீணாக்குவானேன் என்று என்னுடையதையே நனைத்துப் பார்த்தேன். நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு சயானில் ஒரு லேபில் மாரிசெல்வி பெயரைக் கொடுத்து ரத்தம் பார்த்தேன். கிரியேட்டினின் இரண்டே முக்கால், ஒன்றுக்குள் இருக்க வேண்டியது. ஊருக்கெல்லாம் தண்ணீர் குடி, மாத்திரை போடாதே என்று சொல்கிறவள் நான். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மார்ச்சில் ஒப்பந்தம் நீட்டிக்கும்போது டிரஸ்டில் உடல்தகுதிச் சான்று கேட்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். நான் எழுதின முதல் பூட்டு என் வீடுதான். கல்யாணம் பேசுகிற அந்த அம்மாளின் வீடு அல்ல. போன கடிதத்தில் அங்கேயும் ஒரு பொய் சொன்னேன்.

இப்போது கேட்டுக்கொள், இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. உன் நாற்காலிமேல் எனக்குப் பொறாமை இருந்தது உண்மை. ஆனால் அது ஒரு வாரப் பொறாமை. காலண்டரில் உன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு எரிந்தது அதற்கில்லை. உன் கால் வீங்கவில்லை. உன் முகம் காலையில் உப்பவில்லை. நீயும் நானும் ஒரே குழாய்த் தண்ணீரில் வளர்ந்தோம், ஒரே வரிசையில் அடக்கிக்கொண்டு நின்றோம். நீ கல்யாணமாகிப் போய்விட்டாய், நான் உள்ளூரில் மாமா மகனைக் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்தேன். உனக்கு மட்டும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஏன் எனக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. ஏன் உனக்கு இல்லை என்று தோன்றியது. அப்படி நினைத்துவிட்டு, நீ கொண்டுவந்த மீனைச் சாப்பிட்டேன்.

பெட்டியில் இருபத்துமூன்று குப்பி இருக்கிறது. எல்லோரும் திறந்தார்கள். முதலில் என் கையை நீட்டி, என் ரத்தத்தை அவர்கள் பார்க்கச் சாதியாவை எடுக்கச் சொன்னேன். முலுண்டுக்காரர்களுக்குப் பெண் கொடுக்கிற அம்மா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஏழாம் குழாய்க்குப் பத்தில் நாலு. சிவப்பை நன்றாக அழுத்தியே போடு.

வடிவு


செம்பூர்
28 பிப்ரவரி 2025

வடிவு,

நீ இன்னும் போனை எடுக்கவில்லை. வந்தாலும் மாரிசெல்விதான் கதவைத் திறக்கிறாள். அதனால் இதையும் தாஹிர் பாயிடம் கொடுக்கிறேன்.

இருபத்துமூன்றில் பதினெட்டு கெட்டிருக்கிறது. பழைய நாலோடு சேர்த்தால் இருபத்திரண்டு. கிளினிக் நம் கல்லிக்குத்தான், ஏப்ரல் முதல் வாரம், ரேஷன் கடைக்கு மேல்மாடியில். உலைக்காரப் பையனை அதுவரை காத்திருக்க விடாமல் மேடம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். தப்பிவிடுவான் என்கிறார்கள்.

உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. நான் மேஜையில் அடித்துப் பேசினேன். நல்லவள்தான், ஆனால் படிவம் பொய்யானால் படமே பொய் என்றார் மேடம். அவர் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. புது வரைபடத்தின் கீழே குழாய் முறை, சண்முகவடிவு என்று போடச் சொன்னேன், போட்டிருக்கிறார்கள். உன் பெயர் மேலே, என் பெயர் கீழே. முதல் தடவை பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்று உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை.

நீ என்னைப் பற்றி நினைத்ததை எழுதியிருந்தாயே, அதை நான் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டேன். முதல் தடவை கோபம் வந்தது. தனசீலனிடம்கூடக் காட்டவில்லை. அப்புறம் சமையலறையில் போய் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்தேன். குடிக்க முடியவில்லை. இப்போதும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நீதான் ஞாபகத்துக்கு வருகிறாய். எனக்கு இப்படி ஒரு தண்டனை கொடுத்திருக்க வேண்டாம்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

கிளாரா


தாராவி
7 ஏப்ரல் 2025

அன்புள்ள கிளாராவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

கிளினிக் காலையில் திறந்தார்கள். நீ மாட்டுங்காவில் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டாய் என்று சாதியா சொன்னாள். என் இடத்துக்கு விஜயலட்சுமி என்று ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள், கோபர்கைரனேவிலிருந்து. மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவள் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பாழாய்ப்போன மனசு அவள்மேலும் எரிந்தது, என்ன செய்ய. எடுத்தவுடனே "உங்களுக்குக் கிட்னி பிரச்சனை எவ்வளவு நாளா இருக்கு?" என்றாள். பின்னால் நின்ற நாலு பேர் கழுவின துணி மாதிரிச் சுருங்கிப் போனார்கள். "எம்மா, கிட்னின்னு ஆரம்பிக்காத. தண்ணி எவ்வளவு குடிக்கியன்னு ஆரம்பி" என்றேன். அவள் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். நல்ல பெண்தான்.

டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உப்பைக் குறைக்க வேண்டும். இப்போதைக்கு டயாலிசிஸ் மெஷினில் போட வேண்டியதில்லை, ஒழுங்காக இருந்தால் பல வருஷம் தள்ளலாம் என்றார். தண்ணீர் மட்டும் என் இஷ்டத்துக்குக் குடிக்கக் கூடாதாம், அளவு சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் குடிக்காமல் இருந்தேன், இப்போது குடிக்கலாமென்றால் அளந்து குடி என்கிறார்கள். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டு அழுதார். நான்தான் அவரைத் தட்டிக்கொடுத்தேன்.

கிளினிக்கில் கழிப்பறை இருக்கிறது. வெள்ளை டைல்ஸ். உள்ளே தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன், நன்றாக விழுகிறது. பெண்கள் பகலில் வந்து போகட்டும், கேட்டால் பரிசோதனைக்கு வந்தோம் என்று சொல்லட்டும் என்று விஜயலட்சுமியிடம் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. உன்னைப் பற்றி நான் நினைத்ததற்கு நீ தாகத்தோடு இருக்க வேண்டாம். எனக்கும் சேர்த்து நீ குடி. நாளைக் காலையில் போன் அடி, எடுக்கிறேன். உன் குரலில் சந்தோஷம் கேட்டால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். திறந்த நாள் என்று டோக்கனுக்கு வரிசை ரேஷன் கடையைத் தாண்டி நின்றது. இந்தக் கிளினிக்கின் முதல் டோக்கன், ஒன்றாம் நம்பர், எனக்குத்தான் கொடுத்தார்கள். இதற்கு நீ பொறாமைப்படலாம்.

உன்,
சண்முகவடிவு
ஏழாம் குழாய், பத்தாவது வீடு